மாமத்தும் வியாழக்கிழமை வலையும்

இன்று காலை பழவேற்காட்டில் பொன்னேரி பஸ் ஏறி, ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அழிந்துபோன விலங்குகளின் பெயருக்குப் பன்மை என்ன, அந்தப் பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

பக்கத்து சீட்டில் எங்கள் குப்பத்து ஏழுமலை அண்ணன். எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா அது, மாமத்து?"

உடம்பெல்லாம் ரோமம் உள்ள யானை, ரஷ்யாக்காரர்கள் வைத்த பெயர், டச்சுக்காரர்கள் வழியாக இங்கிலீஷுக்குப் போனதாம் என்றேன்.

"நம்மூரு கல்லறையில படுத்துனு கீறானுங்களே, அவனுங்களா?"

"அந்த டச்சுக்காரங்கதாண்ணே."

"இப்போ எங்க கீது அந்த யானை?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு, நிறைய இருந்தா எப்பிடி எழுதுவேன்னு பசங்கள கேக்குற?"

எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று பேச்சை மாற்றினேன்.

"வாட்ச்மேன் வேலை கேக்கப் போறேன். இந்த வியாழக்கிழமை மட்டும் லீவு வேணும்னு சொல்லணும். ஏரியில அன்னிக்கு என் முறை."

எந்த நாளில் யார் எங்கே வலை போடலாம் என்று எங்கள் ஊரில் முறை வைத்திருக்கிறோம்.

"அந்த இடத்துல இப்போ இறாலே இல்லன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?"

"இல்லதான். முறை கீதே. வலையப் போட்டுட்டு, நின்னுட்டு வருவேன்."

மறுபடி திருத்த ஆரம்பித்தேன். நாளைக்கு வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது, ஊரை விட்டுப் போய்விட்ட பிள்ளைகளின் பெயர்களையும் வாசிப்பேன். அவற்றை இன்னும் யாரும் பதிவேட்டிலிருந்து அடிக்கவில்லை.

இதைப் படித்துச் சிரிப்போ வருத்தமோ வந்தவர்கள் கீழே எழுதுங்கள். எனக்கு இரண்டும் வரவில்லை.