போளூர் பஸ்ஸில் வந்த பின்னூட்டம்

டீக்கடைக்காரருக்கு டீ குடிக்க ஆள் வந்தாப் போதும். பிளாக் எழுதுறவளுக்கு வந்த ஆள் குடிச்சிட்டு, "நல்லா இருக்கு"ன்னு வாயைத் தொறந்து சொல்லிட்டும் போகணும்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்குல கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு மேல ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கிட்டு இருந்தேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இடி இடிச்சா உசிரை விடுற ஒரு மோடம். கடையில ஆள் இல்லாத நேரம், கொடைக்கானலைத் தாண்டி இருக்கிற மேல்மலை ஊர்களைப் பத்தி பிளாக் எழுதுவேன். எழுதிட்டுப் பின்னூட்டம், அதாங்க, வாசகர் கீழே எழுதுற கருத்து, வந்திருக்கான்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்ப்பேன். நீங்களும் அப்படிப் பார்த்து ஏமாந்த ஆளுதானே? வாங்க, இப்படிப் பக்கத்துல உக்காருங்க.

நெட்டு மெதுவா இருந்த புண்ணியம்

விளம்பரத்துக்காக நான் செஞ்ச முதல் தில்லுமுல்லு இது. எந்தக் கம்ப்யூட்டர்ல நெட்டைத் தொறந்தாலும் முதல்ல என் பிளாக்தான் வர்ற மாதிரி வச்சிட்டேன். டூர் வந்த ஜோடிகள் ஈ ஓட்டுற மாதிரி அதை மூடிட்டு மெயில் பார்க்கப் போயிருவாங்க. எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் மன்னவனூர்ல இருந்து உருளைக்கிழங்கு விவசாயி ஒருத்தர், மகளோட பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வந்தார். அன்னைக்கு ஊரே ரிசல்ட் பார்க்குது, பக்கம் வருவேனான்னு அடம் பிடிக்குது. அது வர்ற வரைக்கும் ஸ்கிரீன்ல என் பிளாக்தான் கெடக்கு. அரைமணி நேரம் மனுசன் கண்ணை எடுக்கல. பாவம், பதட்டம் போலன்னு நினைச்சேன். மக பாஸாயிட்டா. எந்திரிச்சு வந்து சொன்னார்: "எங்க ஊர் ஆட்டுப்பண்ணை சங்கதிய நாலு தரம் படிச்சேன்மா. நெட்டு இப்படியே மெதுவாவே இருக்கட்டும்."

அருமை, தொடருங்கள்

அடுத்தவங்க பிளாக்ல போய் மொய் வச்சாத்தான் நமக்குத் திரும்ப வரும்னு யாரோ சொன்னாங்க. விடுவேனா? தினம் பத்து இருபது பிளாக்குக்குப் போய், ஒரு வரி கூடப் படிக்காம, "அருமை! தொடருங்கள். நம்ம பக்கமும் வாங்க"ன்னு ஒட்டிட்டு வருவேன். இதைச் செய்யாதவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம்.

சென்னையில இருந்து எழுதுற ஒரு தம்பிகிட்ட இருந்து மெயில் வந்துச்சு. திட்டல, அதுதான் இன்னும் உறைச்சுச்சு. மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறதுன்னு தெரியல. அன்னையில இருந்து முழுசாப் படிக்காம நான் யாருக்கும் கருத்து எழுதுனதில்ல. என்ன பெருந்தன்மைங்க அந்தத் தம்பிக்கு! எழுதியிருந்தது இதுதான்: "அக்கா, எங்க மாமா இறந்துபோன பதிவுக்கு 'அருமை, தொடருங்கள்'னு எழுதியிருக்கீங்க. பரவால்ல. உங்க பக்கம் போய்ப் பார்த்தேன், நிஜமாவே அருமை. தொடருங்க."

போளூர்க்காரி

நான் கொடைக்கானலுக்குக் கீழே இருக்கிற அடுக்கத்துக்காரி. காப்பி தெரியும், வாழை தெரியும், பூண்டு தெரியாது. தெரியலைன்னா சும்மா இருக்கணும்ல? மேல்மலையில பூண்டை அடுப்புக்கு மேல பரண்ல பரப்பிப் புகை காட்டுவாங்கன்னு அளந்து விட்டுட்டேன். போளூர்க்காரிங்கிற பேர்ல (திருவண்ணாமலைப் பக்கத்துப் போளூர் இல்லைங்க, மேல்மலைப் போளூர்) உடனே ஒரு பின்னூட்டம் வந்துச்சு: "பரப்ப மாட்டோம். தண்டோட கட்டுக் கட்டா முடிஞ்சு தொங்க விடுவோம். எங்கம்மா முடிஞ்ச கட்டு மறுவருசம் வரைக்கும் அவிழாது."

ஆகா, மேல்மலைக்காரி ஒருத்தி என்னைப் படிக்கிறாளேன்னு எனக்குத் தலைகால் புரியல. மெயில் போட்டு விசாரிச்சேன். பேரு ஜோதி, சவூதியில நர்ஸ். வீட்டுல பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம்னுட்டு வேலைக்குப் பிளேன் ஏறுனவ. அவங்கம்மா வெள்ளையம்மா மூணு வருசமா அவகூடப் பேசுறதில்ல. ஊர் டீக்கடை போனுக்குக் கூப்பிட்டாலும் வந்து எடுக்கிறதில்ல. அம்மா ஒரு வார்த்தை வான்னு சொன்னாப் போதும், அடுத்த பிளேன்ல வந்துருவேன்னு எழுதியிருந்தா. அதுவரைக்கும் அவளுக்கு ஊர்ச்சேதி சொல்ல என் பிளாக்கை விட்டா வேற நாதி இல்ல. கடைசி வரி இது: "அக்கா, பெருசா ஒண்ணும் எழுத வேண்டாம். போளூர்ல மழையா வெயிலான்னு மட்டுமாவது எழுதுங்க."

ஓரத்துல எழுதுற விமர்சகர்கள்

போளூர்ச் சேதி வேணும்னா போளூர்ல வாசகர் வேணும். அங்க நெட்டுக்கு எங்க போறது? பதிவையும் அதுக்கு வந்த பின்னூட்டங்களையும் பிரிண்ட் எடுத்து, ஓரத்துல நிறைய இடம் விட்டு, போளூர் பஸ் கண்டக்டர் அழகர் அண்ணன்கிட்ட குடுத்து விட்டேன். அவர் ஊர் டீக்கடையில குடுப்பார். கடைக்காரர் சத்தமா வாசிப்பார். காலையில வெள்ளனே பஸ்ஸுக்கு நிக்கிற சனம் கேட்டுட்டு, தாள் ஓரத்துல பேனாவால எழுதிக் குடுக்கும்.

மறுநாள் டீக்கறையோட தாள் திரும்பி வரும். ஒரு எழுத்து மாத்தாம டைப் அடிச்சுப் பின்னூட்டமாப் போடுவேன். சிங்கப்பூர், துபாய்க்காரங்க எல்லாம் என் எழுத்தை விட்டுட்டு இதைத்தான் தேடி வந்தாங்க. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், ஒளிப்பானேன்? ஆனா அந்த மாதிரி வாசகர் யாருக்குங்க கிடைப்பாங்க! சோலியும் பார்த்துக்கிட்டு, நின்னு கேட்டு, பேனா வாங்கி எழுதிட்டுப் போற சனம். ஒருத்தர் எழுதியிருந்தார்: "இந்தம்மா பிறந்ததுல இருந்து ஒரு கேரட்டுகூடப் புடுங்குனதில்லன்னு தெரியுது. ஆனாலும் கேக்க நல்லாத்தான் கெடக்கு."

நான் செஞ்ச கோளாறு

ஒருநாள் அந்தப் பழைய பூண்டுப் பதிவையும் போளூர்க்காரி பின்னூட்டத்தோட பிரிண்ட் எடுத்து அனுப்பிட்டேன். ஜோதியை ஒரு வார்த்தை கேக்கல. மறுநாள் தாள் திரும்பி வரல; அழகர் அண்ணன் மட்டும் வந்தார். "கட்டு அவிழாதுன்னு வாசிக்கவும் வெள்ளையம்மா எந்திரிச்சு வந்து தாளைப் புடுங்கி இடுப்புல சொருகிக்கிட்டுப் போயிருச்சும்மா. போளூர்ல அப்படிக் கட்டு முடியுறது அது ஒண்ணுதான். மகதான் எழுதியிருக்கான்னு தெரிஞ்சு போச்சு"ன்னார்.

ஒரு வீட்டுச் சங்கதியை டீக்கடையில ஏலம் போட்டுட்டேனேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. நடந்ததை எழுதி ஜோதிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். பதில் இல்ல. பத்து நாள் ஆச்சு. எழுதுனது போதும், பிளாக்கையே மூடிருவோம்னு முடிவு பண்ணிட்டேன்.

பதினோராம் நாள் அழகர் அண்ணன் அதே தாளைக் கொண்டாந்து நீட்டினார். அடுப்புப் புகை வாடை. ஓரத்துல டீக்கடைக்காரர் கையெழுத்து. டைப் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தரம் கண்ணைத் துடைக்க வேண்டியதாப் போச்சு. "வெள்ளையம்மா சொல்லச் சொல்ல எழுதுறது. மாசியில பூண்டு எடுக்கணும். கட்டு முடிய ஆளு பத்தல. முடியத் தெரிஞ்சவ யாராச்சும் அங்கிட்டு இருந்தா வெரசா வரச் சொல்லும்மா."

மாசி முதல் வாரம்

அதுக்குக் கீழே ஜோதி ரெண்டே வார்த்தை எழுதினா: லீவு கேட்டுட்டேன். அவளுக்குக் கீழே முகம் தெரியாத சனமெல்லாம் வரிசையா வாழ்த்து எழுதுச்சு. மாமாவைப் பறிகுடுத்த அந்தச் சென்னைத் தம்பியும் எழுதியிருந்தார்.

மாசி முதல் வாரம் கடை வாசல்ல பெட்டியோட ஒரு பொண்ணு வந்து நின்னா. பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு. கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தேன். அப்புறம் உக்கார வச்சேன், டீ சொன்னேன், அவளைப் பத்தி எழுதி வச்சிருந்த பதிவை ஸ்கிரீன்ல தொறந்து காட்டினேன். நான் விட்டுருவேனா? அவ கண்ணு ஸ்கிரீன்ல இல்ல, சன்னல் வழியா கீழே பஸ் ஸ்டாண்டுல இருந்துச்சு. டீயைப் பாதி வச்சிட்டு எந்திரிச்சுட்டா. "அப்புறம் படிக்கிறேன்க்கா, போளூர் பஸ்ஸு கெளம்புது."

ஆறு கம்ப்யூட்டர்லயும் தில்லுமுல்லு பண்ணி, இருபது பிளாக்ல மொய் வச்சு, பஸ்ஸுல தாள் அனுப்பி நான் சம்பாதிச்ச அந்த முதல் மேல்மலை வாசகி, இன்னைக்கு வரைக்கும் அந்தப் பதிவைப் படிக்கலைங்க.