ஜேனட்டின் பூவைக் கழுவிய கதை

இந்த நாட்டில் வெளியூர் போகிறவர்கள் செடியைக்கூட யாரிடமாவது பாரங்கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். ஊரில் நாங்கள் வீட்டுப் பூட்டின் திறப்பைக் கொடுப்போம்; மாமரம் தன்பாட்டில் நிற்கும். லண்டன் நோர்பரியில் எங்கள் பக்கத்து வீட்டு ஜேனட், தன் தங்கை வீட்டுக்குப் போகுமுன் ஒரு சின்னத் தொட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். எடல்வைஸ் என்ற ஆல்ப்ஸ் மலைச் செடியாம். விதை போட்டு மூன்று வருடம் காத்திருந்து கண்ட முதல் மொட்டாம். "வெயிலில் விடுங்கள், கவனிக்கவே வேண்டாம்" என்றார். பிறகு எதற்கு எங்களிடம் தந்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனால் நாங்கள் கருவாடு பொரிக்கும்போது முறைக்காமல் ஜன்னலை மட்டும் சாத்துகிற ஒரே அயலவர் அவர்தான். அந்த உறவு கெட்டுவிடக்கூடாதென்று என் மனைவி சுகந்தி தொட்டியைக் கைக்குழந்தைபோல வாங்கிக்கொண்டாள்.

சில நாளில் மொட்டு விரிந்தது. "இஞ்சை ஓடி வாங்கோப்பா! பஞ்சுப்பூச்சி பிடிச்சிட்டுது!" என்று சுகந்தி கத்தினாள்.

பார்த்தேன். பூவெல்லாம் வெள்ளைப் பஞ்சு. யாழ்ப்பாணத்தில் எங்கள் செவ்வரத்தைச் செடிக்கும் இதே வியாதி வரும். அம்மா சவர்க்காரத் தண்ணீரும் பழைய பிரஷுமாக இறங்கினால் பூச்சிக்குலம் பூண்டோடு அழியும். அதே வைத்தியத்தை நாங்களும் செய்தோம். நான் பிடிக்க, சுகந்தி தேய்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே தேய்த்தாள். ஒரு பூச்சியும் விழவில்லை. பூதான் நனைந்த கோழிக்குஞ்சுபோலச் சுருங்கி நின்றது. சந்தேகம் வந்து போனில் படம் தேடினால், உலகத்து எடல்வைஸ் எல்லாவற்றிலும் அதே பஞ்சு! மலைக் குளிருக்கு அது தானே போர்த்துக்கொள்ளும் கம்பளியாம்.

"ஹேர் ட்ரையர் பிடிச்சுப் பாப்பமோ?" என்றாள் சுகந்தி.

"சும்மா இரும். மிச்ச உயிரும் போயிடும்."

ஜேனட் திரும்பி வந்ததும், "வீ வாஷ்ட் இட்" என்றேன்.

"வித் வாட்டர்?"

"வித் சோப்."

அவர் தொட்டியை முகத்தருகே தூக்கினார். தோள்கள் குலுங்கின. அவர் அழுகிறாரென்று நினைத்துச் சுகந்தியும் அழத் தொடங்கிவிட்டாள். பிறகுதான் தெரிந்தது, மனுஷி சிரிக்கிறார். மலைக்குளிர் இல்லாத லண்டனில் இதற்குக் கம்பளி எப்படியும் மெலிந்துதான் வளருமாம். எனக்கு அந்தச் செடிமேல் பொறாமையாக இருந்தது. நான் இங்கே வந்துதான் கம்பளி போடப் பழகினேன். அது இங்கே வந்து கழற்றுகிறது.

எங்கள் கண்ணீரைப் பார்த்தோ என்னவோ, ஜேனட் ஒரு நாற்றை எங்களுக்கே தந்தார். குளிர்காலத்திலும் வெளியில்தான் விடவேண்டுமாம். முதல் பனி கொட்டிய காலையில் சுகந்திக்கு மனம் கேட்கவில்லை. "பாவம், உள்ளுக்கு எடுங்கோ" என்றாள். எடுத்தேன். ஹீட்டர் சூட்டில் வாடிவிடுமோ என்று பயந்து மறுபடி வெளியே தூக்கினேன். வெளியே பனியைப் பார்த்ததும் எனக்கும் மனம் கேட்கவில்லை. ஓவர்கோட்டும் தொட்டியுமாக, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே நின்றேன்.

"உள்ளுக்கு வாறதெண்டா வாங்கோ, வெளியில போறதெண்டா போங்கோ! சூடெல்லாம் போகுது!"

"ஓம், வாறன்" என்று சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றேன்.