அழியாத சிப்

பள்ளிபாளையத்தில் தறிகளின் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுதுபார்ப்பவன் நான். ஒரு நாள் காலை செல்வியக்காவின் தறிக்கான மெமரி சிப்பில் தவறான டிசைனை ஏற்றிவிட்டேன். ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய ரகம் அது. கையில் வேறு சிப்பும் இல்லை. மறுநாள் அவர் துண்டுகளை நெய்து கொடுத்தாக வேண்டும். சிப்பை வாங்க வந்தவரிடம் "சாயங்காலம் வாங்கக்கா" என்று சமாளித்துவிட்டு, பழைய ரகச் சிப்புகளில் எழுதியதை அழிக்கும் புற ஊதா விளக்கின் கீழ், இதுவும் அழியாதா என்ற நப்பாசையில் அதை வைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். மொட்டைமாடி வெயிலில் வடகம்போலவும் காயவைத்தேன்.

சாயங்காலம் வந்த அக்கா விளக்கடியில் குனிந்து பார்த்தார். "ஏனுங்க தம்பி, பழைய சிப்புல ஸ்டிக்கருக்கு அடியில கண்ணாடி இருக்கும். இதுல இல்லீங்களே, வெளிச்சம் எப்படி உள்ள போகும்?"

என் மூளையில் இருந்ததெல்லாம் அந்த நொடியில் அழிந்தது. "தப்பா எழுதிட்டேனுங்கக்கா. இது அழியாதுங்க."

"காலையிலயே சொல்லியிருந்தா பாலந்தாண்டி ஈரோட்டுல வேற வாங்கியாந்திருப்பனே! ஆர்டர் போச்சு, போங்க."

ஒரு நிமிட வெட்கத்துக்குப் பயந்து ஒரு பகலைச் செலவழித்தேன். அந்தப் பகல் அக்காவுடையது.