டிராயருக்குள் அதிர்ந்த போன்

பேட்டையில் ஒரு பட்டறைக்கு நான் மேற்பார்வையாளர். வேலை நேரத்தில் எல்லார் போனும் என் மேசை டிராயரில் இருக்க வேண்டும். லீவுக்குக் காரணம் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. அதுதான் நிர்வாகத் திறமை என்று நம்பினேன்.

அன்று காலை லேத் ஓட்டும் இசக்கி, "அண்ணாச்சி, லீவு வேணும். வீட்டுல..." என்று தொடங்கினான்.

"கதை வேண்டாம்லே. போய் வேலையப் பாரு."

மதியம் டிராயருக்குள் ஒரு போன் விடாமல் அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. மாலையில் அதை வாங்கிப் பேசிய இசக்கி அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் அவன் அம்மா மதியமே இறந்திருந்தாள்.

காரியம் முடிந்து வந்தவனிடம், "அம்மாவுக்கு முடியலன்னு சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"கதை வேண்டாம்னு சொன்னியள்லா, அண்ணாச்சி" என்றான், கோபமே இல்லாமல்.

இப்போது யார் வந்து நின்றாலும் என்னவென்று கேட்கிறேன். இசக்கி மட்டும் லீவே கேட்பதில்லை.