இரவல் நாக்கு

குடிப்பழக்கமே இல்லாத ஒரு மனிதரைக் குடிகாரர் என்று பொய் சொல்லி வேலையை விட்டு விரட்ட வைத்தேன். அவர் குடிக்க மாட்டார் என்பது அந்தத் தோட்டத்தில் என்னைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது.

மலாயாவில், பெக்கோக்கிலிருந்து மாட்டு வண்டியில் போக வேண்டிய ரப்பர் தோட்டம் அது. நான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கப்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் படித்தவன். என் இங்கிலீஷைத் துரைமாரே மெச்சுவார்கள். அந்தக் கொழுப்பு எனக்கு நிறைய இருந்தது. துரை பங்களாவின் பட்லர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன்.

எங்கள் துரைக்கு ஒயின் என்றால் உயிர். சிங்கப்பூரிலிருந்து பெட்டி பெட்டியாக ரயிலில் வரும். ஞாயிறு மதியம் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் சாப்பிட வருவார்கள். ஒவ்வொரு புட்டியிலும் என்ன ருசி, என்ன வாசம் என்று சொல்வது அவர்களுக்குள் ஒரு போட்டி. அதில் எங்கள் துரையை யாரும் மிஞ்சியதில்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் விழுந்து எழுந்தபோது அவருக்கு மணம் தெரியாமல் போய்விட்டது. மணத்தோடு ருசியும் போயிற்று. மல்லிகையும் மாட்டுச்சாணியும் ஒன்றுதான். வெளியே தெரிந்தால் அவமானம் என்று என்னை மட்டும் அழைத்துச் சொன்னார். சனிக்கிழமைதோறும் நான் ஒயினைச் சுவைத்து, ருசியை ஒரு துண்டுத்தாளில் இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைத் தன் ருசியாக அவர் சொல்லிக்கொள்வார்.

நான் அதுவரை மதுவைத் தொட்டதில்லை. முதல் மடக்கு, பழம்புளியைக் கரைத்து வாயில் விட்டது போலிருந்தது. இரண்டாவது புட்டியும் அப்படியே. தெரியாது என்று துரையிடம் சொல்லக் கூச்சம். கோப்பையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

"இதில என்ன கிடக்கு எண்டு சொல்லு பாப்பம்."

பட்லர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாப்பாணத்துச் சொதி குடிச்ச நாக்குக்கு இதெல்லாம் எங்கேருந்து தெரியும்?" என்று சிரித்தார். பிறகு ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, வாய்க்குள் உருட்டி, தொட்டியில் துப்பினார்.

"நாவப்பழம் தின்னா நாக்க இழுக்கும்ல, அது மொதல்ல. அப்புறம் மழ பேஞ்ச செம்மண்ணு. முடியிறப்ப ரப்பர் காயப்போடுற பொகவீட்டுக் கதவத் தெறந்தா அடிக்குமே, அந்த வாசன, கொஞ்சமா."

"மற்றது?"

"இந்த வெள்ளையா? எலுமிச்சன்னு எழுதிடாதீங்க. நாரத்தங்கா தோலு. பின்னாடி ஈரக் கல்ல நக்குன மாதிரி."

விருந்தாளிகள் போனபின் கோப்பைகளைக் கழுவும்போது அடியில் கிடப்பதை நாக்கில் வைத்துத் துப்பித் துப்பி, பல வருஷமாக அவர் கற்றது அது. ஒரு சொட்டும் உள்ளே போகாது. நான் நாவற்பழத்தைத் துரைமாருக்குத் தெரிந்த ஒரு பழமாக்கி, புகைவீட்டை விறகுப் புகையாக்கி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். அந்த ஞாயிறு துரைக்கு வெற்றி. மூன்று வருஷம் இப்படியே ஓடியது. தோட்டத்துக் கிராணிமாரில் எனக்குக் கிடைத்த மரியாதை வேறு யாருக்கும் இல்லை.

ஒரு நாள் பட்லர் கேட்டார். "ஜொகூர் பாரு கிளப்புல ஒயின் அறைய பாத்துக்க ஆள் தேடுறாங்களாம். சொன்னதெல்லாம் நான்தான்னு தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அவரு காயிதம் குடுத்தா வேல நிச்சயம்."

"பாப்பம்."

"போன மாசமும் பாப்பம்னுதான் சொன்னீங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுப்பேன். அப்புறம் நானே சொல்லிருவேன். இங்கிலீசு வராது, மலாய் வரும்ல."

சனிக்கிழமை காலையே நான் முந்திக்கொண்டேன். புட்டிகளில் ஒயின் குறைகிறது, பட்லர் குடிக்கிறார் என்று துரையிடம் சொன்னேன். குறைந்தது உண்மை. நாங்கள் இருவரும் ருசி பார்த்துக் குறைந்தது அது.

துரை அவரைப் பின்வாசலுக்கு அழைத்து வாயைத் திறக்கச் சொன்னார். முகர்ந்து பார்க்க அவரால் முடியாது என்பது எனக்குத் தெரியும். என்னைப் பார்த்து, "நீ முகர்ந்து சொல்" என்றார். நான் குனிந்து அந்த முகத்தருகே என் முகத்தைக் கொண்டுபோனேன். வெற்றிலை மணம். வேறொன்றும் இல்லை. நிமிர்ந்து இங்கிலீஷில், "ஒயின் நாற்றம், ஐயா" என்றேன்.

'ஒயின்' என்ற சொல்லிலேயே பட்லருக்குப் புரிந்துவிட்டது.

"இந்த மூக்குக்கா மூணு வருசமா வாசன சொல்லிக் குடுத்தேன்? தூ!"

என் சட்டையில் வெற்றிலைச் சாறு தெறித்தது. அவர் மலாயில் சொன்ன எதையும் குடிகாரன் பேச்சு என்று துரை காதில் வாங்கவில்லை. மதியத்துக்குள் பெட்டியோடு அவர் போய்விட்டார். குடித்ததால் நீக்கப்பட்டார் என்று துரை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பிறகு எந்த பங்களா அவரை எடுக்கும்?

மறுநாள் விருந்துக்குப் பழைய தாள்களைப் பார்த்து நானே ஒன்று எழுதிக் கொடுத்தேன். புட்டியில் ஒயின் புளித்துக் காடியாகிவிட்டிருந்தது, என் நாக்குக்கு அது தெரியவில்லை. அதைத் துரை புகழ்ந்து பேச, வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றோடு சனிக்கிழமை வேலை நின்றது. துரையின் ரகசியம் என்னிடம் இருந்ததால் என்னை விரட்டவில்லை. ஆனால் அவர் ஊர் திரும்பும் வரை என்னிடம் ஒரு நல்ல சொல் பேசியதில்லை.

துரை கப்பலேறிய பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதையும் மறைக்க வேண்டாம். பட்லர் பொந்தியான் பட்டணத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் தேநீர் ஆற்றுகிறார் என்று கேள்விப்பட்டு, என் பொய்யை ஒப்புக்கொண்டு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி எடுத்துப் போனேன்.

"தமிழ்ல சொல்லுங்க" என்றார். சொன்னேன். "அங்க ஒக்காந்திருக்கிறவங்களுக்குக் கேக்கல." மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். கடையே திரும்பிப் பார்த்தது.

"கிராணியாரே, எங்க சம்சாரம் குடிகாரன் பொண்டாட்டிங்கிற பேரோட செத்தா. அவளுக்கு எப்ப வாசிச்சுக் காட்டுவீங்க?"

ஆனாலும், மறுபடி ஆள் தேடிய ஜொகூர் பாரு கிளப்புக்கு என்னோடு வரச் சம்மதித்தார். பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

கிளப் செயலாளர் வெள்ளைக்காரர். கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம், "நீ பொய்யன் என்று நீயே எழுதியிருக்கிறாய். பொய்யன் தரும் சிபாரிசை நான் என்ன செய்ய?" என்றார். ஆனாலும் இரண்டு கோப்பைகளில் ஊற்றி வைத்து, பட்லரைச் சொல்லச் சொன்னார். மொழிபெயர்க்க நான் ஓர் அடி முன்னே வைத்தேன்.

"இவர் வெளியே போகட்டும், துவான். இனி இவர் வாயால் நான் பேச மாட்டேன்" என்று பட்லர் மலாயில் சொன்னார். துவான் என்றால் துரை.

வராந்தாவுக்கு அனுப்பப்பட்டேன். ஜன்னல் வழியே உள்ளே நடப்பது தெரிந்தது, பேச்சும் கேட்டது. கடைத்தெரு மலாயில் நாவற்பழமும் செம்மண்ணும் எப்படி வரும்? வேலை போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அவர் குரல் வந்தது: "இனி சுடா ரோசாக், துவான். பாவ் காயின் பாசா." இது கெட்டுவிட்டது, ஈரத்துணி நாற்றம். செயலாளர் முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். "பெத்துல்" என்றார். சரிதான் என்று அர்த்தம்.

ஒயின் அறையில் இரண்டாவது ஆளாக எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்தவரிடம், "வேலை கிடைச்சுதா?" என்றேன்.

"கெடச்சுது. ஒங்க காயிதத்தால இல்ல."

"என்னை மன்னிக்க வேணும் நீங்கள்."

"மன்னிக்க நான் என்ன சாமியா? போங்க, பஸ்ஸு போயிரும்."

செயலாளர் வழியாகக் கதை எங்கள் புதுத் துரை காதுக்கும் போயிற்று. பெரிய கிராணி வேலையைப் பறித்து, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்கு என்னை அனுப்பினார். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள், "கிராணியாரே, இந்தப் பால் என்ன ருசி?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நான் ஓய்வு பெறும் வரை தினமும் யாராவது ஒருவர் கேட்டார்.