ஜெர்லினுக்கு எவ்வளவு?

மாதா கோயிலில் நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசத் தெரியாதவன் நான். அதனால் ஆண்டவர் எனக்குச் செய்ததை எழுதிக் கொடுக்கிறேன்.

போன ஜனவரியில் என் மகள் அனிஷா, "யப்பா, நான் பரீட்சை எழுதல" என்று சொல்லிப் புத்தகங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினாள். கம்ப்யூட்டர் சயின்ஸில் எம்.டெக். சேர்வதற்கான நுழைவுத் தேர்வு அது. மூன்று வாரம்தான் இருந்தது. ஒரு வருஷமாக அதற்கென்றே படித்த பிள்ளை. அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான்தான்.

புன்னைக்காயலில் எங்கள் வீட்டு மாடியில் அவளும் மூன்று தோழிகளும் சேர்ந்து படித்தார்கள். ஆளுக்கொரு பாடத்தை எடுத்து மற்றவர்களுக்கு நடத்துவார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதிரித் தேர்வு. மதிப்பெண்ணைப் பலகையில் எழுதுவார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தப் பலகையில் விளங்கியது எண்கள் மட்டும்தான். எப்போதும் ஜெர்லின்தான் முதல்.

ஜெர்லின், அந்தோணியின் மகள். நானும் அந்தோணியும் ஒரே மீன்பிடி வள்ளத்தில் கூலிக்குப் போனவர்கள். இன்று அவனுக்குச் சொந்த வள்ளம் இருக்கிறது. நான் இன்னும் கூலிக்குத்தான் போகிறேன். படிப்பிலாவது என் பிள்ளை முந்தட்டும் என்று இருந்தேன். அதிலும் அவன் பிள்ளையே முந்தினாள். அனிஷா நடத்திய பாடத்திலேயே ஜெர்லினுக்கு அதிக மதிப்பெண் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏளா, மீன் பட்ட இடத்த எவனாவது அடுத்த வள்ளத்துக்குச் சொல்லுவானா? நீ எதுக்கு எல்லாத்தையும் அவளுக்கு வாரிக் கொடுக்க?"

"போங்கப்பா, சொல்லிக் கொடுத்தாத்தான் எனக்கே விளங்குது" என்று சிரித்தாள்.

எனக்கு இன்னும் எரிந்தது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெர்லினுக்கு மதிப்பெண் குறைய வேண்டும் என்று வேண்டினேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒருநாள், அனிஷா கடைக்குப் போன நேரம் வாசலுக்கு வந்த பிள்ளைகளிடம், "மாமிக்கு மேலுக்குச் சொகமில்ல, இனி இங்கன படிக்க வேண்டாம்" என்று என் மனைவியைக் காரணம் காட்டிப் பொய் சொல்லி அனுப்பினேன். அவர்கள் ஜெர்லின் வீட்டில் உட்கார்ந்தார்கள். அங்கே போகக் கூடாது என்று மகளையும் தடுத்தேன்.

இரண்டு வாரம் அவள் தனியாகப் படித்தாள். மதிப்பெண் குறைந்தது. குறைந்தது என் பிள்ளைக்கு. அதன் பிறகுதான் அந்தச் சாக்கு.

அன்று சாயங்காலம் கோயிலில் முழந்தாளிட்டேன். "ஆண்டவரே, என் பிள்ளையைக் காப்பாற்றும்" என்று தொடங்கினேன். முடிக்க முடியவில்லை. நான் சொன்ன பொய் குறுக்கே நின்றது. கடைசியில், "நான் செய்ததை நானே போய்ச் சொல்ல எனக்கு வாய் தாரும்" என்று கேட்டேன். அழுதேன்.

நேரே அந்தோணி வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். ஜெர்லின் வெளியே வந்தாள். அதிகம் பேசாத என் வாய் திறந்தது.

"மக்கா, மாமி நல்லாத்தான் இருந்தா. நான்தான் பொய் சொன்னேன். உன் மார்க்கப் பாத்து வயிறெரிஞ்சேன்."

"பொய்னு அன்னைக்கே தெரியும் மாமா. உள்ள மாமி மீன் அறுத்துக்கிட்டே பாட்டுப் படிச்சிக்கிட்டுல்லா இருந்தாவ!"

உள்ளேயிருந்து அந்தோணியின் குரல் வந்தது. "ஏலே, என்ன கோயில் சொரூபம் மாதிரி வாசல்ல நிக்க? உள்ள வந்து காப்பி குடி."

"அனிஷா இல்லாம அவ பாடம் எங்களுக்கும் ஓடல மாமா" என்றாள் ஜெர்லின். மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து அந்தச் சாக்கை அவளே அவிழ்த்தாள்.

மார்ச்சில் முடிவு வந்தது. என் பிள்ளை தேறிவிட்டாள். ஆனாலும் நான் முதலில் கேட்டது, "ஜெர்லினுக்கு எவ்வளவு?"

"என்னவிடக் கூடத்தான், யப்பா."

நெஞ்சு எரியும் என்று காத்திருந்தேன். எரியவில்லை. எழுந்து போய் அந்தோணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். மகள் தேறியதைவிட எனக்கு அதுதான் பெரிய புதுமை, அற்புதம். ஆண்டவருக்கு நன்றி.

இன்றும் சில நாள் பழைய எரிச்சல் தலைதூக்கும். உடனே என் பிள்ளைக்கு முன்பாக ஜெர்லினுக்காக வேண்டிக்கொள்வேன். என்னைப் போல் மனம் எரிந்து கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சகோதரரே, யாரைப் பார்த்து எரிகிறீர்களோ அவர் பெயரையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்பார்.