நானூறு பாகம் சிவப்புக் கம்பளி

எனக்கு எழுபத்துநான்கு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. ஏழு பேருக்கும் சோறு போட்டது இந்தக் கைதான். கிழிந்த மீன்வலையைப் பொத்தின கை. இரண்டு கையையும் அகல விரித்து, நூலை இழுத்து, ‘இத்தனை பாகம்’ என்று நான் சொன்னால் படகும் வலையும் வைத்திருக்கிற சம்மாட்டிமார் மறு அளவு பார்க்க மாட்டார்கள்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? போன கிழமை இந்தப் பேப்பரில் இதே இடத்தில் ஒரு கடைக்காரரைக் கிழி கிழி என்று கிழித்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மன்னார்ப் பட்டினத்தில் நூல் விற்கிறவர். கம்பளி நூலில் அளவு குறைத்து என்னை ஏமாற்றிவிட்டார் என்று எழுதினேன். பெயர் போடவில்லைதான். ஆனால் பட்டினத்தில் கம்பளி நூல் விற்கிற கடை எத்தனை? ஒன்று!

கம்பளி எனக்கு இல்லை. இந்த வெயிலில் எனக்கெதற்குக் கம்பளி? அது லெச்சுமிக்கு.

லெச்சுமி என் சிநேகிதி. என்னைவிடப் பதினாறு வயது இளையவள். பதினொரு வயதில் மலைநாட்டில் இருந்து இங்கே வந்து சேர்ந்தவள். முன்பள்ளியில் பிள்ளைகளைப் பார்க்கிறாள், ஸ்கூட்டி ஓடுகிறாள், இத்தனை வருடம் எங்களோடு இருந்தும் பேச்சை மட்டும் மாற்றவில்லை. அவளுடைய கடைசி மகளுக்கு அதே மலைநாட்டில், ஹற்றன் பக்கம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஞாயிறு பயணம்.

“இங்கயே பொறந்து வளந்தவக்கா. இவளுக்குக் குளிர்ன்னா ஐஸ்கிரீம் மட்டுந்தான் தெரியும்” என்றாள் லெச்சுமி. அதனால் ஒரு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினாள். எண்ணூறு யார், அதாவது எண்ணூறு கெஜம், சிவப்புக் கம்பளி வேண்டும் என்றாள். இரண்டு யார் ஒரு பாகம். அப்படியென்றால் நானூறு பாகம். அந்த நேரம் அவளுக்குக் காய்ச்சல், ஆகவே நான் போய் வாங்கிக் கொடுத்தேன்.

முதுகு, முன்பக்கம், ஒரு கை. அவ்வளவோடு நூல் முடிந்துவிட்டது. மற்றக் கைக்கு ஒரு முழம்கூட மிச்சமில்லை!

விடுவேனா? நேரே கடைக்குப் போய் நாலு பேர் பார்க்கக் கேட்டேன். பிறகு இங்கேயும் எழுதினேன். லெச்சுமி, “அந்தக் கடையிலயே இன்னும் கொஞ்சம் வாங்கிடலாமேக்கா” என்றாள். “அந்தப் படியை இனி மிதிக்க மாட்டன். மன்னாரில நூலுக்கோ பஞ்சம்?” என்றேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தப் புதன்கிழமை காலையில் ஸ்கூட்டியில் ஏறினோம்.

என் கொண்டைக்கு மேல் ஹெல்மெட் இறங்கவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டு ஏறினேன். மடியில் ஒரு பை, பைக்குள் ஒற்றைக் கை ஸ்வெட்டர்.

முதலில் தாராபுரம். தையல் சாமானும் வலைச் சாமானும் ஒன்றாக விற்கிற ஒரு முஸ்லிம் நானாவின் கடை. எனக்கு உள்ளே போனதும் வீட்டுக்கு வந்தது போல இருந்தது. பச்சை, நீலம், தவிட்டு நிறம் என்று நைலோன் நூல் சுவர் முழுக்கத் தொங்கியது. என் கை தானாகவே ஒன்றை எடுத்து, விரித்து, ‘டங்’ என்று இழுத்துப் பார்த்தது. நல்ல நூல். இம்மியும் நீளவில்லை.

“கம்பளி நூல் இருக்கோ, நானா?”

அவர் வெளியே வெயிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “உம்மா, உங்களுக்குச் சுகமில்லையா?”

“எனக்கில்லை, ஹற்றனுக்கு.”

“அப்படிச் சொல்லுங்க! பயந்துட்டன்.” சிரித்தபடி ஒரு சிவப்பு நைலோன் சுருளை எடுத்து வைத்தார். “சிவப்புன்னா இதுதான் இருக்கு. இதுல பின்னினா நல்லா மீன் படும். குளிருக்குத்தான் நான் பொறுப்பில்ல.”

லெச்சுமி சிரித்த சிரிப்பில் அவள் விரலில் மாட்டியிருந்த ஸ்கூட்டித் திறப்பு கீழே விழுந்தது.

திரும்பிப் பட்டினம் வழியாக வந்தோம். வேறு வழி இல்லை. அந்தக் கடை வந்ததும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். மற்றப் பக்கத்தில் நாலு கழுதை நின்றன. அவற்றையே கவனமாகப் பார்த்தேன்.

“அக்கா, அந்தச் சிவப்பு நூல் கோன் அங்கதான் இருக்கு. கண்ணாடி வழியாத் தெரியுது.”

“நீ ரோட்டைப் பார்த்து ஓடு.”

மன்னார்த் தீவை விட்டு வெளியே போகிற பாலத்தில் காற்று எங்கள் இருவரையும் கடலுக்குள் தள்ளப் பார்த்தது. காதுக்குள் இரைச்சல். அதனால் பேச்சில்லை. நல்லதாகப் போயிற்று.

வங்காலையில் ஒரு வீட்டு முன்னறையில் நூல் விற்கிறார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அலுமாரியைத் திறந்தாள். எல்லாம் வெள்ளை! மேல் தட்டில் வெள்ளை, நடுத் தட்டில் வெள்ளை, கீழ்த் தட்டிலும் வெள்ளை. கத்தோலிக்கக் கோயில் பீடத்து விரிப்புக்கும், குருவானவரின் உடுப்பு ஓரத்துக்கும், முதல் நன்மை வாங்குகிற பிள்ளைகளின் முக்காட்டுக்கும் கொக்கி ஊசியால் பின்னுகிற நூல். எனக்கு ஒரே அதிசயம். ஒரே வெள்ளையில் இத்தனை வெள்ளை இருக்கிறதா? ஒன்று பால் மாதிரி, ஒன்று உப்பு மாதிரி, ஒன்று பழைய வெளிச்சம் மாதிரி. அரை மணித்தியாலம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

“சிவப்பு இல்லையோ, பிள்ளை?”

“எங்கட ஊரில சிவப்பு ஆர் வாங்கிறது, அம்மா?” என்றவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “நில்லுங்கோ… நீங்கள்தானே பேப்பரில படத்தோட எழுதுறனீங்கள்? அந்த நூல்கடைக் கதை! வாசிச்சனாங்கள். அது இன்னாற்ற கடைதானே? எங்கட ஆக்கள் இனி அங்க போகமாட்டினம். எங்கட பாடகர் குழுவுக்கு ரிபன் வாங்கிறதையும் நிப்பாட்டிப் போட்டம்.”

எனக்குப் பெருமை பொங்கியது. பொய் சொல்லக் கூடாது, பொங்கத்தான் செய்தது. என் எழுத்துக்கு அவ்வளவு பலமா?

லெச்சுமி மட்டும் வெள்ளை நூல் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நூலை யாராவது முகர்வார்களா?

அங்கிருந்து முருங்கன். என் இடுப்பு ‘போதும்’ என்றது, நான் ‘சும்மா இரு’ என்றேன். பஸ் நிற்கிற சந்திக்குக் கிட்ட, பள்ளிக்கூடச் சாமான் கடை. பாடசாலைக் கைவேலைக்கென்று கம்பளி நூல் வைத்திருக்கிறார்கள்! மஞ்சள், பச்சை, சிவப்பு… சிவப்பு! பையைத் திறந்து ஸ்வெட்டரை வைத்துப் பார்த்தோம். எங்களுடையது பழுத்த மிளகாய். அது செங்கல்.

“கிட்டத்தட்டச் சரிதானே?” என்றேன்.

“ஒரு கை மட்டும் செங்கல் தூக்கப் போன மாதிரி இருக்கும்க்கா” என்றாள் லெச்சுமி.

அந்த நேரம் யாரோ ஒரு தாய் மகளின் கைவேலைக்கு ஐந்து யார் மஞ்சள் கேட்டாள். கடைக்காரப் பெண் மேசை விளிம்பில் ஆணியடித்திருந்த யார்க்கோலின் பக்கத்தில் நூலைத் தொளதொளவென்று கிடத்தி அளந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“இதென்ன அளவு பிள்ளை? இழுத்துப் பிடிச்சு அளவன்!”

“இழுத்தா வாங்கிற ஆக்களுக்குத்தான் அம்மா நட்டம்” என்றாள் அவள். “இது வலை நூலில்லை. இஞ்ச பாருங்கோ.”

ஒரு யார் நூலை இழுத்துப் பிடித்து, இரண்டு முனையிலும் பேனையால் புள்ளி வைத்தாள். விட்டாள். நூல் ஒரு புழுவைப் போல மெல்லச் சுருங்கியது. மறுபடி கோலோடு கிடத்தினாள். ஒரு யார் இல்லை. எட்டு விரல்கடை குறைவு!

“நானொருக்கால்…” என்று வாங்கி நானே செய்து பார்த்தேன். திரும்பவும் செய்தேன். மூன்றாம் தரமும் அதே குறைவுதான்.

வாசகர்களே, போன கிழமை உங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று அந்த நானூறு பாகத்தையும் அளந்தது கடைக்காரர் இல்லை. நான்! “நிறுத்துத் தரட்டோ அம்மா?” என்று அவர் கேட்டார். “நிறையில ஈரமும் சேரும் தம்பி, பாகத்தில சேராது” என்று சொல்லி கோனை நானே கையில் எடுத்தேன். கடைக்கு வந்தவர்கள் நின்று பார்க்க, வலை நூலைப் போல விறைக்க விறைக்க இழுத்து அளந்தேன். அவர் ஒரு கட்டத்தில், “அம்மா, அவ்வளவு இழுக்காதேங்கோ…” என்று வாயெடுத்தார். “எனக்கு நூல் படிப்பிக்கிறியோ?” என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளுக்குச் சாமான் எடுக்கப் போய்விட்டார்.

இது எனக்கு மறந்து போகவில்லை. எழுதும்போது தேவையில்லை என்று விட்டுவிட்டேன். அதுதான் உண்மை.

வெளியே வந்து ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றோம்.

“லெச்சுமி, உனக்கு இது முதலே தெரியுமோ?”

அவள் ஹெல்மெட் வாரை முடுக்கினாள். “தெரியும்க்கா.”

“எப்ப தொட்டு?”

“நூல் முடிஞ்ச அன்னைக்கே. நீங்க வலைக்காரம்மா, இழுத்துத்தான் அளந்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“ஏனடி சொல்லேல்லை?”

“சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீங்க பேப்பருக்குக் குடுத்துட்டீங்க.”

“அப்ப ஏன் இவ்வளவு தூரம் பெற்றோல் எரிச்சனி?”

“நா சொன்னா நம்ப மாட்டீங்க, சண்ட போடுவீங்க. எந்தக் கடையிலயாவது யாராவது கம்பளிய அளப்பாங்க, நீங்களே பாப்பீங்கன்னு இருந்தேன். மொதக் கடையிலயே அளந்திருந்தா எனக்குப் பெற்றோல் மிச்சம்.”

நான் அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். “பட்டினத்துக்கு விடு” என்றுதான் வந்தது. இது எனக்குப் புதுசு.

பட்டினத்துக்குத் திரும்பும்போது மூன்று மணி. இந்த முறை கழுதைகளைத் தேடவில்லை. கடைக்குள் இரண்டு பெண்கள் பொத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் கடைக்காரர் எழுந்தார். ‘இன்னும் என்ன பாக்கி?’ என்கிற முகம். ஆனாலும், “வாங்கோ அம்மா, இருங்கோ” என்று கதிரையை இழுத்துப் போட்டார். அவர் என்னை ஏசியிருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்!

இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். “தம்பி, பிழை என்ரை. நான்தான் இழுத்து அளந்தனான். நீங்கள் சொல்ல வந்தனீங்கள், நான் கேக்கேல்லை.”

பொத்தான் பார்த்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். அதில் தூசி இல்லை.

“சரி அம்மா” என்றார். “ஆனா… என்ரை மகளுக்குப் பள்ளிக்கூடத்தில ‘அரைப் பாகம்’ எண்டு பேர் வைச்சிட்டினம். ரெண்டு நாளாப் போகமாட்டன் எண்டு நிண்டவள். நீங்கள் இப்ப சொன்னது இந்த ரெண்டு பேருக்குக் கேட்டது. முதல் சொன்னது தீவு முழுக்கக் கேட்டது.”

ஏழு பிள்ளைகள் வளர்த்தவள் நான். அவர்களில் ஒருத்தியை யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால், கூப்பிட்டவரின் வாசலில் போய் நின்றிருப்பேன். இப்போது அந்த வாசல் என்னுடைய வாசல்.

“அதே இடத்தில எழுதுறன் தம்பி” என்றேன். “அதே அளவு எழுத்தில.”

அவர் கோனை எடுத்தார். மேசையில் கிடத்தி, ஒவ்வொரு யாராக, ஒரு குழந்தையைப் படுக்க வைப்பது போல அளந்தார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். முடிவில் இரண்டு யார் கூடுதலாக விட்டு வெட்டினார். அதற்காக அவரை எப்படிக் கோபிப்பது?

சனி பின்னேரம் மற்றக் கை முடிந்தது. ஞாயிறு காலை லெச்சுமியின் மகள் அதைப் போட்டுக் காட்டினாள். இரண்டு நிமிடத்தில் வேர்த்து ஊற்றியது. “கழட்டுடி, போற எடத்துல போட்டுக்க” என்று லெச்சுமி கத்தினாள். பிள்ளை கழற்றவில்லை. பஸ் ஏறும் வரைக்கும் அப்படியே நின்றாள். நானும் அவளுடைய இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அளக்கப் போனால் இப்படித்தான் வரும் போலிருக்கிறது. ஐம்பது வருடம் நீளாத நூலைப் பிடித்த கைக்கு, நீளுகிற நூல் ஒன்று இருக்குமென்று எப்படித் தெரியும்? கேட்டால் தெரியும். நான் கேட்கவில்லை.

வங்காலை ஆட்கள் ரிபன் வாங்கப் பட்டினத்துக்குப் போகலாம். தாராளமாகப் போகலாம். அந்தக் கடையில் அளவு சரி. நான் சொல்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் பேத்தி. எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்ட் வாசிக்கவும் மட்டுந்தான் வரும். அவள் சற்றுமுன் பேனையை நிறுத்திவிட்டு, “அம்மம்மா, ‘ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது’ எண்டு போடட்டோ? அது வடிவா இருக்கும்” என்று கேட்டாள்.

எனக்காகப் பாவம் பார்க்கிறாள். நல்ல பிள்ளை. ஆனால், நேர்ந்துவிட்டதாம்! அது தானாக நடந்து வந்து நேர்ந்ததா? வெட்டு அதை. நான் சொன்னபடியே போடு.

போட்டுவிட்டாயா? சரி, அப்ப ஒருக்கால் வாசி பிள்ளை. கடைக்காரரின் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வாசி.